ஏன் என்ற சொல்லுக்குள் இரண்டு கேள்விகள்

என் அக்காவுக்கு முதல் கரு பத்தாவது வாரத்தில் கலைந்துவிட்டது. மறுநாள் காலை டாக்டர் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா கேட்டது ஒரே ஒரு வார்த்தைதான். "ஏன்?"

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கரு உருவாகும்போதே குரோமோசோம்களின் எண்ணிக்கையில் பிழை நேர்ந்திருக்கலாம். முதல் மூன்று மாதத்துக்குள் கலையும் கருக்களில் ஏறக்குறையப் பாதிக்கு அதுதான் காரணம். 23 ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ பெரும்பாலான கருக்களால் மேற்கொண்டு வளர முடியாது. "நீங்க மாடிப்படி ஏறினதால இல்லம்மா. வேலைக்குப் போனதால இல்ல. நீங்க செஞ்ச எதனாலயும் இல்ல" என்றார். அக்கா தலையாட்டினாள். அவர் எழுந்து போன பிறகு, சுவரைப் பார்த்தபடி திரும்பவும் அதையே கேட்டாள். "ஏன்?"

டாக்டர் சொன்ன பதில் சரியானது. அது அக்காவுக்குப் புரியாமலும் இல்லை. சொல் ஒன்றுதான், கேள்வி வேறு. அந்த அறையில் நின்றுகொண்டிருந்த எனக்கு அன்றைக்கு அது பிடிபடவில்லை. பல வருடம் கழித்து, அறிவியலுக்கும் வாழ்க்கையின் பொருளுக்கும் என்னதான் உறவு என்று படிக்கத் தொடங்கியபோதுதான் அந்த இரண்டு "ஏன்"களும் தனித்தனியாகத் தெரிந்தன. அப்போது புரிந்துகொண்டதை, இந்தப் பக்கமே வராதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

எதனால், எதற்காக

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. "ஏன்" என்பதை "எதனால்" என்றும் "எதற்காக" என்றும் பிரித்துக் கேட்கலாம்.

ராத்திரி எழுந்து பார்க்கிறீர்கள், வாசற்கதவு திறந்து கிடக்கிறது. ஏன்? காற்று தள்ளியிருக்கலாம், தாழ்ப்பாள் தேய்ந்துபோய்ச் சரியாக விழாமல் இருந்திருக்கலாம். இது "எதனால்" என்பதற்கான பதில். இல்லையென்றால், வெளியூரிலிருந்து நடுராத்திரி வந்து சேரும் பிள்ளை தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று உங்கள் அம்மா திறந்து வைத்திருக்கலாம். இது "எதற்காக" என்பதற்கான பதில். அம்மா திறந்திருந்தாலும் முதல் கேள்விக்கும் பதில் உண்டு: கை தள்ளியது, கீல் சுழன்றது. அதாவது சில நிகழ்ச்சிகளுக்கு இரண்டு பதிலும் உண்டு, சிலவற்றுக்கு முதல் பதில் மட்டும்தான். கீல் எத்தனை டிகிரி சுழன்றது என்று மட்டும் அளந்துகொண்டிருந்தால் அம்மாவின் காத்திருப்பு அந்த அளவில் எங்கேயும் வராது.

"பொருள்" என்ற சொல்லும் இப்படித்தான். கல்லும் இரும்பும் பொருள். ஒரு சொல்லுக்குள் இருப்பதும் பொருள். இயற்பியல் ஆராய்வது முதல் பொருளை. அக்கா தேடியது இரண்டாவதை. ஒரே சொல் இரண்டையும் தாங்கி நிற்பதாலோ என்னவோ, ஒன்றைப் பற்றி முழுக்கத் தெரிந்துவிட்டால் மற்றதும் தானாக விளங்கிவிடும் என்று நாம் எதிர்பார்த்துவிடுகிறோம்.

தள்ளி வைத்த கேள்வி

ஒரு காலத்தில் இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றாகத்தான் இருந்தன. கிறிஸ்து பிறப்பதற்கு நான்கு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், ஒன்றைப் பற்றி முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் நான்கு விதமான காரணங்களைச் சொல்ல வேண்டும் என்றார். அது எதனால் ஆனது, என்ன வடிவம், எது அதை உண்டாக்கியது, எதற்காக இருக்கிறது. கடைசிக் கேள்வி செடிக்கும் விலங்குக்கும் மட்டுமல்ல, கல்லுக்கும் இருந்தது. கல் கீழே விழுவது தன் இயல்பான இடத்தை அடைவதற்காக என்பது அவர் விளக்கம். ஐரோப்பாவிலும் அரபு உலகிலும் அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் இப்படித்தான் யோசித்தார்கள்.

இது 17ஆம் நூற்றாண்டில் மாறியது. கலிலியோ ஒரு நீண்ட மரப்பலகையில் காடி வெட்டி, அதைச் சரிவாக நிறுத்தி, வெண்கலக் குண்டை உருளவிட்டார். நேரத்தை அளக்க அவரிடம் நல்ல கடிகாரம் இல்லை. ஒரு பெரிய பாத்திரத்தில் நீர் நிரப்பி, அடியில் மெல்லிய குழாய் வைத்து, குண்டு உருளும் நேரம் முழுக்க ஒழுகிய நீரைக் கோப்பையில் பிடித்துத் தராசில் நிறுத்தார். நீரின் எடைதான் நேரம்! இப்படித் திரும்பத் திரும்ப அளந்து அவர் நிறுவியது இது: சம அளவான நேரத் துண்டுகளில் குண்டு கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற கணக்கில் கூடிக்கொண்டே போகின்றன.

வேகம் ஏன் கூடுகிறது என்ற வாதத்தை இப்போதைக்கு வைத்துவிடுவோம், எப்படிக் கூடுகிறது என்று பார்ப்போம் என்பதுதான் 1638ல் வெளியான அவருடைய நூலின் போக்கு. நியூட்டனும் அதே வழியில் போனார். ஈர்ப்பு விசையின் கணக்கை 1687ல் துல்லியமாகத் தந்தவர், 1713ல் வந்த இரண்டாம் பதிப்பில், அந்த ஈர்ப்புக்குக் காரணம் என்ன என்பதைத் தன்னால் கண்டறிய முடியவில்லை, அதற்காக ஊகங்களைப் புனையப் போவதும் இல்லை என்று எழுதினார்.

நவீன அறிவியலின் பலம் முழுவதும் இந்த அடக்கத்திலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். எல்லாக் கேள்வியையும் ஒரே நேரத்தில் கேட்பதை நிறுத்தி, அளக்க முடிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டது. பலன் நம் கண்முன் இருக்கிறது. ஆனால் "எதற்காக" என்ற கேள்வியைத் தன் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் அது பயணம் புறப்பட்டது. திரும்பி வரும்போது அந்தக் கேள்விக்குப் பதில் பையில் இல்லை என்றால் அதில் வியக்க ஒன்றும் இல்லை.

வானியல் அறிஞர் ஆர்தர் எடிங்டன் 1939ல் ஒரு மீன்வலையை உவமையாகச் சொன்னார். கண்ணி இரண்டு அங்குலம் உள்ள வலையை வீசிக் கடலை ஆராய்கிறார் ஒருவர். கிடைத்ததையெல்லாம் பார்த்துவிட்டு, "கடலில் இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த உயிரே இல்லை" என்று முடிவுக்கு வருகிறார். எடிங்டன் இதைச் சொன்னது இயற்பியல் விதிகளைப் பற்றி. ஆனாலும் நம் விஷயத்துக்கும் இது அப்படியே பொருந்துகிறது. "அறிவியல் தேடிப் பார்த்து, வாழ்க்கைக்கு நோக்கம் எதுவும் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டது" என்று யாராவது சொன்னால், வலையின் கண்ணியைப் பற்றிக் கேளுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வலையில் சிறிய மீன் சிக்கவில்லை என்பது சிறிய மீன் இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. "அறிவியலால் இதை மறுக்க முடியாது, ஆகவே இது உண்மை" என்று பேசுகிறவர்கள் செய்வது அந்தத் தவறைத்தான். இறைவன் தந்த நோக்கம் ஒன்று உண்டு என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்; நோக்கத்தை மனிதர்கள்தான் உண்டாக்கிக்கொள்கிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். கலிலியோவின் நீர்க்கோப்பை இந்த இரு தரப்பில் எதற்கும் நடுவராக வராது.

பரிணாமம் இட்ட கட்டளையா?

உயிரியலில் மட்டும் "எதற்காக" என்பது பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. இதயம் எதற்காக? ரத்தத்தை ஓடவைக்க. இது நல்ல பதில்தான். டார்வின் 1859ல் காட்டியது என்னவென்றால், இப்படியொரு "எதற்காக" உருவாவதற்கு முன்கூட்டித் திட்டமிட்ட ஒருவர் தேவையில்லை. ரத்தத்தைக் கொஞ்சம் நன்றாக ஓடவைத்த உடல்கள் அதிகம் பிழைத்தன, அதிகச் சந்ததிகளை விட்டுச் சென்றன. இந்த நீண்ட வரலாற்றின் விளைவு, பார்ப்பதற்கு நோக்கம் போலத் தெரிகிறது.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நிறைய பேர் விழுவதைப் பார்த்திருக்கிறேன். "அப்படியானால் மரபணுக்களை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவதுதான் வாழ்க்கையின் நோக்கம், அறிவியலே சொல்லிவிட்டது" என்பார்கள். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. நாம் எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்ற வரலாற்றைத்தான் பரிணாமம் சொல்கிறது. இங்கிருந்து எங்கே போக வேண்டும் என்ற உத்தரவு அதில் இல்லை.

நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பதையே எடுத்துக்கொள்வோம். எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல் சிறிது காலம்தான் ஆகிறது. மனிதக் கண்ணும் மூளையும் அதற்கு வெகு காலம் முன்பே இன்றைய வடிவத்துக்கு வந்துவிட்டன. ஆகவே கண் வாசிப்பதற்காகப் பரிணமிக்கவில்லை. விலங்கையும் கனியையும் முகங்களையும் அடையாளம் காண உதவிய அதே உறுப்புகளை வைத்துக்கொண்டுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறோம். கண்ணின் வரலாறு இதற்குத் தடை சொல்லவில்லை. பெறாத பிள்ளையைத் தத்தெடுத்து, ராத்திரி முழுக்க மடியில் போட்டுத் தட்டிக்கொடுக்கும் ஒரு தாயிடம் போய், உன் மரபணுவுக்கு இதனால் லாபம் இல்லையே என்று யார் சொல்வது?

ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1740வாக்கில் இந்தத் தாவலைச் சுட்டிக்காட்டினார். உலகம் "இப்படி இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே வருகிறவர்கள், நடுவில் சத்தமில்லாமல் "இப்படி இருக்க வேண்டும்" என்று மாற்றிவிடுகிறார்கள், எந்தப் பாலத்தைக் கடந்து வந்தார்கள் என்று சொல்வதில்லை என்றார். இந்த ஒரு கவனிப்பை மனதில் வைத்துக்கொண்டால் போதும், அறிவியலின் பேரால் வரும் பல அறிவுரைகளைப் பதற்றமில்லாமல் எடைபோடலாம்.

கயிற்றை ஒளித்து வைத்த மனிதர்

இந்தக் கேள்வி உயிரைக் குடிக்கும் அளவுக்குப் போகலாம் என்பதற்கு ஒருவர் தன்னையே சாட்சியாக வைத்திருக்கிறார். ரஷ்ய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய்க்கு அப்போது ஏறக்குறைய ஐம்பது வயது. உலகப் புகழ், பெரிய பண்ணை, மனைவி, பிள்ளைகள், நல்ல உடல்நலம் எல்லாம் இருந்தன. "சரி, அப்புறம்? இதெல்லாம் எதற்காக?" என்ற கேள்வி மட்டும் அவரை விடவில்லை. தனியாக உடை மாற்றும் அறையில் தூக்கு மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து கயிற்றை ஒளித்து வைத்தார். வேட்டைக்குத் துப்பாக்கி எடுத்துக்கொண்டு போவதை நிறுத்தினார்.

அவர் பதில் தேடிப் போன முதல் கதவுகளில் ஒன்று அறிவியல். எல்லையில்லாத வெளியில், எல்லையில்லாத காலத்தில், துகள்கள் சில விதிகளின்படி சேர்கின்றன, பிரிகின்றன. நீ அப்படித் தற்செயலாகச் சேர்ந்த ஒரு கட்டி. சில காலம் இந்தச் சேர்க்கை நீடிக்கும், பிறகு நின்றுபோகும். இதுதான் கிடைத்தது என்று எழுதினார். அவர் கேட்டது "எதற்காக", கிடைத்தது "எதனால்". ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் அக்கா மாட்டிக்கொண்ட அதே இடைவெளி. கடைசியில், தன்னைப் போல் படித்தவர்களை விட்டுவிட்டு, உழைத்துப் பிழைக்கும் எளிய விவசாயிகள் எப்படி வாழ்கிறார்கள், எப்படிச் சாகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அவர் மெல்ல மெல்ல வெளியே வந்தார்.

1917 நவம்பரில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், ஜெர்மனியின் மியூனிக் நகரில் மாணவர்கள் முன்னால் பேசிய சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபர் டால்ஸ்டாயைத்தான் நினைவூட்டினார். நாம் என்ன செய்ய வேண்டும், எப்படி வாழ வேண்டும் என்பதற்கு அறிவியல் பதில் தருவதில்லை என்பதை மறுக்கவே முடியாது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. அறிவியலால் தர முடிந்த ஒன்று தெளிவு என்றார். நீ இதை மதிப்பு மிக்கதாகக் கருதினால், அதற்கு இந்த வழிகள்தான் இருக்கின்றன. இந்த வழியில் போனால் இந்தப் பக்கவிளைவுகளையும் நீ ஏற்றாக வேண்டும். இந்த அளவுக்கு அது கூட வரும். தேர்ந்தெடுப்பது உன் வேலை.

சிறியதாக இருப்பது

"பிரபஞ்சம் இவ்வளவு பெரியது, நாம் ஒரு தூசி, நம் வாழ்க்கைக்கு என்ன பொருள்?" அறிவியல் படித்த பலருக்கு வெறுமை வருவது இந்த வாசல் வழியாகத்தான். 1990 பிப்ரவரி 14 அன்று, சுமார் 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து வாயேஜர் 1 விண்கலம் பூமியைப் படம் எடுத்தது. அந்தப் படத்தில் பூமி ஒரு பிக்சலைக்கூட நிரப்பவில்லை. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. இந்த எண்களுக்கு முன்னால் ஒருவர் தலை சுற்றி உட்கார்ந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த வாதத்தைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தத்துவ அறிஞர் தாமஸ் நேகல் 1971ல் அதைத்தான் செய்தார். நாம் இன்று செய்வது எதுவும் பத்து லட்சம் ஆண்டு கழித்து ஒரு பொருட்டாக இருக்காது என்கிறார்கள். சரி. அதே கணக்கில், பத்து லட்சம் ஆண்டு கழித்து நடக்கப்போவதும் இன்று ஒரு பொருட்டு இல்லை. அப்படியிருக்க, அன்றைக்கு இது பொருட்டாக இருக்காது என்ற விஷயம் மட்டும் ஏன் இன்றைக்கு நம்மை அழுத்த வேண்டும்? உடல் அளவும் அப்படித்தான். நாம் பிரபஞ்சத்தையே நிறைத்துக்கொண்டு நின்றால் மட்டும் நம் வாழ்க்கைக்குப் பொருள் வந்துவிடுமா? பொருளில்லாத வாழ்க்கையைப் பெரிதாக்கினால் பெரிய பொருளில்லாத வாழ்க்கைதான் மிஞ்சும்.

நான் இதோடு ஒன்றைச் சேர்ப்பேன். பொருள் என்பது எப்போதும் யாரோ ஒருவருக்குப் பொருள். பத்தாவது வாரத்தில் ஒரு கருவின் நீளம் மூன்று சென்டிமீட்டர் அளவுதான். அந்த மூன்று சென்டிமீட்டருக்காக என் அக்கா அழுததை எந்தத் தொலைநோக்கி கொண்டு சிறியதாக்குவது?

பொருள் என்று எதைச் சொல்கிறோம்

இதுவரை "பொருள், பொருள்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அதை ஆராய்கிற உளவியலாளர்கள் அதற்குள் மூன்று இழைகளைப் பார்க்கிறார்கள். முதலாவது, நடப்பது நமக்குப் புரிகிறது, நம் வாழ்க்கை ஒன்றோடொன்று கோத்து வருகிறது என்ற உணர்வு. அடுத்தது, போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது என்ற உணர்வு, அதாவது நோக்கம். மற்றது, நான் இருப்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது, நான் இல்லாவிட்டால் யாருக்கோ எதற்கோ குறை இருக்கும் என்ற உணர்வு. மூன்றும் ஒன்றல்ல. பரபரப்பாக இலக்குகளைத் துரத்துகிற ஒருவருக்குத் தன் வாழ்க்கையே புரியாமல் இருக்கலாம். எல்லாம் புரிந்த ஒருவருக்குத் தான் யாருக்கும் வேண்டாதவர் என்று தோன்றலாம்.

அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் ஸ்டெகரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2006ல் பத்து வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். அதில் ஐந்து வாக்கியங்கள் பொருள் "இருப்பதை" அளக்கின்றன, ஐந்து பொருளைத் "தேடுவதை" அளக்கின்றன. தேடுவதும் இருப்பதும் தனித்தனி அளவுகள் என்பது கவனிக்க வேண்டியது. வாழ்க்கை நிறைவாக இருக்கும்போதே தேடுகிறவர்களும் உண்டு, ஒன்றும் இல்லாமல் தேடாமலே இருப்பவர்களும் உண்டு. இன்னொன்று: இந்தக் கேள்வித்தாள் அளப்பது ஒருவர் தன் வாழ்க்கையை எப்படி உணர்கிறார் என்பதை மட்டும். அந்த வாழ்க்கைக்கு உண்மையிலேயே பொருள் இருக்கிறதா என்பதை அது அளக்காது, அளப்பதாகச் சொல்லவும் இல்லை.

மூன்று இழைகளில் முதலாவது, அதாவது புரிதல், அறிவியலின் சொந்த நிலம். அங்கே அது செய்திருக்கும் வேலையைப் பலரும் சரியாக மதிப்பதில்லை என்பது என் ஆதங்கம். புதிய பொருளை அது தராமல் போகலாம். பொய்யான பொருளை, ஆளைக் கொல்லும் பொருளை, அது பிடுங்கி எறிந்திருக்கிறது.

ஆட்டிசம் என்ற ஒரு நிலை மட்டும் போதும், இதைக் காட்ட. 1950கள், 60களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், குழந்தைக்கு ஆட்டிசம் வருவது தாயின் அன்பு வறண்டிருப்பதால்தான் என்று மருத்துவர்கள் பலரே நம்பினார்கள். அந்தத் தாய்மாருக்கு "ஃபிரிட்ஜ் தாய்" என்று பெயர்கூட வைத்தார்கள். ஒரு தாய் தன் குழந்தையின் நிலைக்கு என்ன பொருள் கொண்டிருப்பாள், யோசித்துப் பாருங்கள். "நான் இவனைப் போதுமான அளவு நேசிக்கவில்லை." ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964ல் இதை எதிர்த்து, காரணம் உடலில் இருக்கிறது என்று எழுதினார். 1977ல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் இருவரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவிலிருந்து வந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. ஒரே வீடு, ஒரே தாய்தான். மரபணு ஒப்புமையில்தான் வேறுபாடு. சிறிய ஆய்வுதான், பிறகு பெரிய ஆய்வுகள் வந்து இதை உறுதி செய்தன. ஒரு தலைமுறைத் தாய்மாரின் மார்பில் கிடந்த கல்லை நகர்த்தியது இந்த எண்ணிக்கை.

"நீங்க செஞ்ச எதனாலயும் இல்ல" என்று அன்றைக்கு டாக்டர் சொன்னதும் அதே வேலைதான். மாடிப்படி ஏறியதுதான் காரணம் என்று உறவினர் ஒருவர் முந்தின நாள் அக்காவின் காதுபடச் சொல்லியிருந்தார். "எதனால்" என்ற கேள்விக்கான பதில் அவளுடைய "எதற்காக"வை ஆற்றவில்லை. ஆனால் தவறான ஒரு பதில் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளாமல் காத்தது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடக்கிறது. வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் நாஜி வதைமுகாம்களிலிருந்து 1945ல் உயிரோடு மீண்டவர். தந்தை, தாய், சகோதரர், மனைவி என்று நான்கு பேரை அந்த முகாம்களில் இழந்தார். பின்னாளில் அவரிடம் வயதான ஒரு மருத்துவர் வந்தார். இரண்டு வருடம் முன்பு மனைவி இறந்துவிட்டார், அந்தத் துக்கத்திலிருந்து மீள முடியவில்லை. ஃபிராங்கல் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒன்று கேட்டார்: நீங்கள் முதலில் போயிருந்தால், உங்கள் மனைவி என்ன ஆகியிருப்பார்? ஐயோ, அவளால் தாங்கியிருக்கவே முடியாது என்றார் அந்த மனிதர். அந்த வேதனை அவருக்கு வராமல் நீங்கள் காத்திருக்கிறீர்கள், அதற்கு விலையாக இப்போது நீங்கள் தனியாக இருந்து துக்கப்படுகிறீர்கள் என்றார் ஃபிராங்கல். வந்தவர் கையைக் குலுக்கிவிட்டு அமைதியாகக் கிளம்பிப் போனார்.

அந்தத் தாய்மாரின் விஷயத்தில் தகவல் மாறியது, அதனால் பொருள் மாறியது. இங்கே எந்தத் தகவலும் மாறவில்லை. மனைவி இறந்தது இறந்ததுதான். நடந்தவற்றைக் கோத்துப் பார்த்த விதம் மட்டும் மாறியது. ஃபிராங்கல் சொன்னது வெறும் ஆறுதல் வார்த்தையாக இல்லாமல் நின்றதற்குக் காரணம், அது உண்மையாகவும் இருந்தது. மனைவி தாங்கியிருக்க மாட்டார் என்பதை அந்த மனிதரே சொன்னார். நாம் தேடிக்கொள்ளும் பொருள் உண்மைக்குப் புறம்பாக இருந்தால் என்றாவது ஒருநாள் நம் காலை வாரிவிடும் என்றே நான் நம்புகிறேன். அதனால்தான் பொருள் தேடுகிறவருக்கு அறிவியல் வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு சமையற்காரரின் ஊசி

நோக்கம் என்ற இழைக்கு ஓர் ஆளைக் காட்டுகிறேன். சோமாலியாவின் மெர்க்கா நகர ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்த்தவர் அலி மாவ் மாலின். 1977 அக்டோபரில், பெரியம்மை கண்ட இரண்டு பேரை ஏற்றி வந்த வண்டிக்கு வழி காட்ட அவரும் ஏறிக்கொண்டார். சில நிமிடப் பயணம்தான். அவருக்கும் அம்மை கண்டது. ஊசி வலிக்குமோ என்று பயந்து தடுப்பூசியைத் தட்டிக்கழித்திருந்தார். அவர் பிழைத்துக்கொண்டார். உலகத்தில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் அவர்தான். 1980ல் உலக சுகாதார நிறுவனம் அந்த நோய் ஒழிந்தது என்று அறிவித்தது.

வைரஸ் எப்படிப் பரவியது, தடுப்பூசி எப்படி அதன் வழியை அடைத்தது என்பதை அறிவியல் முழுக்கச் சொல்லிவிடும். "கடைசி ஆள்" என்று ஆனதை வைத்துக்கொண்டு மாலின் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லாது. பின்னாளில் அவர் போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்தார். தடுப்பு மருந்து வேண்டாம் என்ற பெற்றோரிடம் போய், ஊசிக்குப் பயந்து பெரியம்மை வாங்கியவன் நான் என்று தன் கதையைச் சொல்லுவார். 2013ல் அங்கே போலியோ மறுபடி தலைகாட்டியபோதும் அந்தப் பணியில் இருந்தார். அந்த நாட்களில்தான் காய்ச்சலில் விழுந்து இறந்தார். தற்செயலாகத் தொற்றிய ஒரு வைரஸ், அந்த மனிதர் கையில் என்னவாக மாறியது பாருங்கள்.

அக்காவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். முதல் கருவைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. போன வருடம் ஒருநாள் பேச்சுவாக்கில் நான் படித்ததை அவளிடம் சொன்னேன். கருவிலிருந்து சில செல்கள் தாயின் ரத்தத்துக்குள் வந்துவிடுகின்றன. மருத்துவர் டயானா பியாங்கியும் அவர் குழுவினரும் 1996ல் வெளியிட்ட ஆய்வில், ஆண் குழந்தை பெற்ற ஒரு பெண்ணின் ரத்தத்தில் 27 ஆண்டுக்குப் பிறகும் அப்படிப்பட்ட செல்களைக் கண்டிருக்கிறார்கள். கலைந்துபோன கருவிலிருந்தும் செல்கள் இப்படித் தாய்க்குள் வந்து தங்குவதுண்டு.

அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மடியில் வைத்தாள்.

"அப்போ அது முழுசாப் போகலயா?"

"சில செல் இருக்கலாம் அக்கா. எல்லாருக்கும் இருக்கும்னு சொல்ல முடியாது. உனக்குள்ள இருக்கான்னு பார்த்தாத்தான் தெரியும்."

"பார்க்க வேண்டாம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, மடித்த துணியை எடுத்து மறுபடி பிரித்து, திரும்பவும் மடிக்கத் தொடங்கினாள்.